மலையின் மேல் பழி வேண்டாம்

கோடைக் காலத்தில் திருமலைக்கு ஏறும் இரண்டாம் மலைப்பாதையில் ஒரு அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ பானெட்டைத் திறந்தபடி ஓரங்கட்டி நின்றால் யாரும் வியப்பதில்லை. பழைய வண்டி, நெட்டேற்றம், கொதிக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். வண்டிக்காரரும் அதையே நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் தவறு.

முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது 1944-இல். அன்று அதில் ஏறிய கார்களுக்கு முன்னால் அம்பாசிடரே புது வண்டி. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு, குடும்பம் மொத்தத்தையும் கேரியரில் படுக்கையையும் ஏற்றிக்கொண்டு அது பல பத்தாண்டுகள் இந்த மலையை ஏறியிருக்கிறது. மலையின் உயரம் அன்றும் இன்றும் அதே 853 மீட்டர்தான். மாறியிருப்பது ரேடியேட்டரின் உள்ளே இருப்பது.

ஏற்றம் இன்ஜினைச் சோதிக்கிறது என்பது உண்மை. எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ரேடியேட்டர்தான் வெளியேற்ற வேண்டும். மலைப்பாதையில் வண்டி இரண்டாம் கியரில் முக்கி ஏறும்போது சூடு கூடுகிறது; வேகம் குறைவதால் முன்பக்கக் காற்றோ குறைகிறது. மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலையும் சற்று இறங்கும். திருமலையில் திறந்த பாத்திரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இதற்கெல்லாம் ஈடுகொடுக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால், கொதிநிலை 110 டிகிரியை ஒட்டிப் போய்விடும். அதன் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவும் போச்சு. விலை மலிவான மூடியைத்தான் பலரும் கடைசியாகப் பார்க்கிறார்கள்.

அடுத்த குற்றவாளி தண்ணீர். சித்தூர், திருப்பதி வட்டாரம் கருங்கல் பூமி. ஆழ்துளைக் கிணற்றில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல் அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இன்ஜின் பிளாக்கின் பின்மூலையிலும் படிகிறது. ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர் மலையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு வழக்கமான கைவைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது அடைப்பை எடுக்காது. சமதரையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். கூடுதலாக எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது நெரிசலில் உதவும். ஆனால் உள்ளே தண்ணீரே ஓடாத குழாய்க்கு வெளியே எத்தனை காற்றடித்து என்ன பயன்?

ரேடியேட்டரைக் கழுவி அடைப்பை எடுப்பது வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டரின் கீழ்க்குழாயையும் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாக, எதிர்த்திசையில் ஹோஸ் வைத்துத் தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். வெளித் தகடுகளில் ஒட்டிய பூச்சியையும் மண்ணையும் இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றலாம். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதில் பொறித்த டிகிரியை ஒட்டி அது திறக்கிறதா என்று தெரிந்துவிடும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கக் கூடாது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் இன்ஜின் சூடாகும். கடைசியில் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. வடித்த பழைய கூலன்ட் இனிக்கும் விஷம். நாயோ குழந்தையோ தொடும் இடத்தில் கொட்டக் கூடாது.

கழுவிய பிறகும், ஓட்டி நிறுத்திய வண்டியின் ரேடியேட்டரில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு இருக்கிறது. அதை ரேடியேட்டர் கடையில் டாங்கைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது வீட்டு வேலை இல்லை.

சூடு காட்டும் ஊசி நடுவில் இருக்கும்போதே வண்டி நின்றுபோனால், அது வேறு நோய். பெட்ரோல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. பழைய டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய கார்புரேட்டர்களின் கலவையைச் சற்றுத் திருத்த வேண்டியும் வரும்.

இது சொந்த வண்டிக்காரரின் பாடு மட்டும் இல்லை. வளைவில் ஒரு கார் நின்றால் பின்னால் பஸ்கள் வரிசை கட்டுகின்றன. அவசரத்தில் சூடான மூடியைத் திறப்பவரின் முகத்தில் ஆவி அடிக்கிறது. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். அரை மணி நேரமாவது காத்திருக்கத்தான் வேண்டும்.

சித்தூர்க்காரர்களுக்குச் சோதனைக்களம் பக்கத்திலேயே இருக்கிறது. பலமனேர் போகும் வழியில் மொகிலி காட் ஏற்றத்தில், நடுப்பகல் வெயிலில், ஆள் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஊசி அங்கே சிவப்புக்குப் போனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து பஸ்ஸில் ஏறுவதே மரியாதை.