கையெழுத்து தலையெழுத்தாகலாமா?

நம் பாடசாலைகளில் பிள்ளையின் அறிவை அளக்கும் கோல் கொப்பிதான். எழுத்து அழகாயிருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை. கோணலாயிருந்தால் மொக்குப் பிள்ளை. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் பெரும் அநீதி இழைக்கின்றது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முதலாம் வகுப்பிலேயே ஒதுக்கப்படுவோர் உளர்.

பெருமூளை வாதம் தொற்றுநோயுமல்ல, முன்வினைப் பயனுமல்ல. கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துள்ளோ மூளை பாதிக்கப்படுவதால், உடல் அசைவைக் கட்டுப்படுத்துவது கடினமாகின்றது. சிலருக்குத் தசைகள் இறுகுகின்றன. சிலருக்குக் கை தன்பாட்டில் அசைகின்றது. சிலருக்குக் கிரகிக்கும் ஆற்றலும் குறைவதுண்டு; பலருக்கு அது குறைவதில்லை. 1932 இல் அயர்லாந்தில் பிறந்த கிறிஸ்ரி பிறவுண் இடது பாதத்தால் எழுதப் பழகினார். 1954 இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாகவே வெளியிட்டார்.

எழுத்து விரலில் தொடங்குவதில்லை, இருக்கையில் தொடங்குகின்றது. உடல் தளம்பினால் பிள்ளையின் சக்தியெல்லாம் விழாமலிருப்பதிலேயே செலவாகிவிடும். பாதங்கள் நிலத்திலோ பலகையிலோ பதிய வேண்டும். முதுகுக்குச் சாய்வு வேண்டும். எழுதும் பலகை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மேசை கதிரையில்லாத கொட்டிலில் இதற்கு மரப்பெட்டிகள் போதும். பென்சிலில் துணியையோ பழைய சைக்கிள் ரியூப்பையோ சுற்றித் தடிப்பாக்கலாம். தாள் நழுவாதபடி ஒட்டிவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வசதியுள்ளோர் இயன்மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெறுவது நன்று.

ஏடு தொடக்கும்போது அரிசியில் 'அ' எழுதுவிக்கின்றோம். நல்ல வழக்கந்தான். ஆனால் சுழியும் வளைவும் நிறைந்த 'அ' இறுகிய கைக்குக் கடினம். நேர்கோடுகளாலான 'ட', 'ப' என்பவற்றில் தொடங்கினால் என்ன? முதலில் மணலில் விரலால் பெரிதாக எழுதட்டும். பின்பு அகலக் கோடிட்ட தாளுக்கு வரலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை களைக்குமுன் நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு பழக்கினாலும் சில கைகள் எழுதா. அங்கே வற்புறுத்துவது வதையாகும். பிள்ளை சொல்ல மற்றவர் எழுதலாம்; பேச்சு வராத பிள்ளை எழுத்துகள் கொண்ட அட்டையில் சுட்டிக் காட்டலாம்; கைத்தொலைபேசியில் தட்டியும் எழுதலாம். பிள்ளையின் எண்ணம் வெளியே வரவேண்டும் என்பதே நம் நோக்கம். அழகிய எழுத்து அதற்கு ஒரு வழி மட்டுமே.

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய ஊரில் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும்போது, "மற்றவர்கள் போகட்டும், இவன் வீட்டில் நிற்கட்டும்" என்ற முடிவை நாமே எடுத்துவிடுகின்றோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காட்டி எந்தக் கல்வி நிலையத்திலும் அனுமதியில் பாகுபாடு செய்யலாகாது என்கின்றது. ஆகவே, அந்தப் பிள்ளைக்கு இடம் கேட்பது பிச்சை கேட்பதன்று. அதிபரிடம் துணிந்து கேட்போம். தனித்துக் கேட்கத் தயங்கும் தாய்மாருடன் அயலவர் நாமும் கூடப் போவோம்.