ஸ்தல சுயாட்சியும் விசேஷ அதிகாரிகளும்

சட்டசபைத் தேர்தல் குறித்த காலத்தில் நடவாமல் ஒரு மாதம் தள்ளிப் போகுமாயின் தேசமெங்கும் கூக்குரல் எழும், பொதுக்கூட்டங்கள் கூடும், நாமும் தினம் ஒரு தலையங்கம் எழுதுவோம். கிராமப் பஞ்சாயத்துகளின் தேர்தல் தள்ளிப் போனால் மட்டும் ஏன் என்று கேட்பாரில்லை. தமிழ்நாட்டில் 27 ஜில்லாக்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த தேர்தலில் அமைந்த பஞ்சாயத்துகளின் ஆயுள் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிவடைந்தது. அன்றைக்குள் புதிய தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். நடத்தப்படவில்லை. 9,624 கிராமத் தலைவர்கள், 76,746 கிராம வார்டு அங்கத்தினர்கள், 5,090 யூனியன் அங்கத்தினர்கள், 515 ஜில்லா அங்கத்தினர்கள், ஆக 91,975 ஸ்தானங்கள் ஒரே நாளில் காலியாயின. அந்த இடங்களின் அதிகாரம் முழுவதும், ‘தனி அலுவலர்’ என்று சர்க்கார் பெயரிட்டிருக்கும் விசேஷ அதிகாரிகளின் கைக்குப் போயிற்று.

இது வெறும் நிர்வாக ஏற்பாடு என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. வார்டு எல்லைகளைத் திருத்த வேண்டும். சில கிராமங்களை நகரங்களோடு சேர்க்க வேண்டும். அவை முடியும் வரையில் பொறுத்திருங்கள் என்றார்கள். இந்தச் சமாதானம் செல்லாது என்பது சட்டம் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். 1993 ஏப்ரல் 24 முதல் அமலிலிருக்கும் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று விதிக்கிறது. அந்த ஆயுள் முடியுமுன் அடுத்த தேர்தல் பூர்த்தியாக வேண்டுமென்றும் அதே ஷரத்து விதிக்கிறது. எல்லை வகுக்கும் வேலை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிப்போடப் போதிய காரணமாகாது என்று, ஆமதாபாத் மாநகராட்சி பற்றிய கிஷன்சிங் தோமர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2006-ம் வருஷமே தீர்ப்புக் கூறிவிட்டது. மத்தியப் பிரதேச வழக்கில் 2022-ல் அதையே மறுபடியும் வற்புறுத்தியது. பஞ்சாயத்துகளைப் பற்றிய ஒன்பதாம் பாகத்தை முதலிலிருந்து கடைசி வரையில் புரட்டிப் பார்த்தாலும் விசேஷ அதிகாரி என்ற பதவி எங்குமே காணப்படாது. ஐந்து வருஷம் கழித்துத் தேர்தல் வரும் என்பது முதல் நாளே தெரிந்த சங்கதி; எல்லை வகுக்கும் வேலை கடைசி மாதத்தில்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்?

விசேஷ அதிகாரி என்றால் யார்? கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வட்டார வளர்ச்சி அதிகாரிதான். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராமப் பஞ்சாயத்துகளும் 388 யூனியன்களும் இருக்கின்றன. சராசரியாக ஓர் அதிகாரியின் தலையில் முப்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள் விழும். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சுடுகாட்டுக்குப் பாதையில்லை என்று கிராமத்தார் முன்பெல்லாம் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டார்கள். இப்பொழுது பஸ் ஏறி யூனியன் ஆபீஸுக்குப் போக வேண்டும்; அங்கே அதிகாரி ஜில்லா கலெக்டர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அவர் எவ்வளவு யோக்கியராயினும், முப்பது ஊர்களுக்குத் தலைவராக இருக்க ஒரு மனிதனால் இயலாது. அதைவிட முக்கியமான விஷயம், அவர் மறுபடி வோட்டுக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்பது.

இந்தப் பாபம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 1688-ல் ஸ்தாபிதமான சென்னை மாநகராட்சி 1973-ல் கலைக்கப்பட்டு, 1996 வரை இருபத்து மூன்று வருஷம் மேயரின்றிக் கிடந்தது. கலைத்தவர்கள் ஒரு கட்சியார். கலைத்தபடியே விட்டு வைத்தவர்கள் இரு கட்சியாரும். 2016 அக்டோபரில், பழங்குடியினருக்குரிய ஸ்தானங்கள் சரிவர ஒதுக்கப்படவில்லை என்று தி.மு.க. தரப்பில் தொடர்ந்த வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு தேர்தல் அறிவிப்பை ரத்துச் செய்து, அந்த வருஷ முடிவுக்குள் தேர்தலை நடத்தும்படி கட்டளையிட்டது. அண்ணா தி.மு.க. சர்க்கார் மூன்று வருஷம் கடத்தியது. அப்பொழுது விசேஷ அதிகாரிகளின் ஆட்சியைக் கண்டித்தவர்கள் தி.மு.க.வினர்; 2025-ல் அவ்வதிகாரிகளை நியமித்தவர்களும் அவர்களே. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லாத இடத்துக்கு மத்திய நிதிக் கமிஷனின் மானியம் நிறுத்தப்படுவதும் இவ்விரு கட்சியாருக்கும் தெரியாததன்று.

நிற்க. கிராமங்களுக்குச் சுயாட்சி தேவைதானா என்று கேட்கும் படித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பஞ்சாயத்துகளில் ஊழல் மலிந்திருக்கிறது, தலைவர் பதவியை ஏலம் போட்டுக் கோயில் நிதிக்குப் பணம் கட்டியவருக்குக் கொடுத்த ஊர்களும் இருக்கின்றன என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘இவர்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை’ என்ற இந்த வாதத்தை நமது நாடு முன்பே கேட்டிருக்கிறது. ஜில்லா போர்டுகளில் கலெக்டரே தலைமை வகித்த காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் நம் எல்லோரையும் பற்றிச் சொன்ன வாதம் இது. தகுதி வந்தபின் அதிகாரம் என்பதல்ல, அதிகாரத்தைக் கையாண்டே தகுதி வரும் என்று 1882-ல் ரிப்பன் பிரபு ஒப்புக்கொண்டார். அந்த வைஸ்ராய்க்குப் புலப்பட்டது நமது மந்திரிகளுக்குப் புலப்படவில்லை. சேலம் முனிசிபாலிட்டித் தலைவராக ராஜாஜி உட்கார்ந்ததும், ஆமதாபாத்தில் வல்லபாய் படேல் சாக்கடையையும் குடிதண்ணீரையும் கவனித்ததும் பிற்காலத்துப் பெரிய காரியங்களுக்குப் பயிற்சியாக அமைந்தன.

இதைவிடக் கனமான ஆட்சேபம் அம்பேத்கருடையது. 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர், கிராமத்தைப் போற்றியவர்களைக் கடுமையாகச் சாடினார்; ஜாதிக் கொடுமையின் உறைவிடத்திற்கு அதிகாரம் கொடுக்கலாமா என்பது அவருடைய அச்சம். அதே மாதம் 22-ந் தேதி நம் தமிழர் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தினால்தான் பஞ்சாயத்து என்ற சொல் அரசியல் சட்டத்திற்குள் நுழைந்தது. அம்பேத்கரின் அச்சம் வீணல்ல என்பதற்கு மேலவளவு சாட்சி. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய அந்தப் பஞ்சாயத்தின் தலைவர் முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில், தனித்தொகுதி என்ற ஒரே காரணத்தால், 1996 முதல் பத்து வருஷம் தலைவர் எவரும் நிலைக்கவில்லை. யாரும் மனுப் போடத் துணியவில்லை, அல்லது ஜெயித்த மறுகணமே ராஜிநாமாச் செய்விக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில் அதிகாரிகளும் கட்சியினரும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைத்தார்கள். 2020-லும் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் பெண் தலைவர் ஒருவர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். ஆயினும் அந்தப் படம் வெளிவந்ததும் நாடு கொதித்ததே, ஏன்? நாற்காலி அவருடையது என்று சட்டம் சொன்னதால்.

அந்த நாற்காலியைத்தான் 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். 2016-ல் இயற்றிய சட்டத்தின்படி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தொகை விகிதப்படி பங்குண்டு. ஊர்ப் பெரியவர்களுக்குப் பஞ்சாயத்து இல்லாவிட்டாலும் செல்வாக்கு உண்டு; யூனியன் ஆபீஸில் அவர்களுக்கு உடனே பேட்டி கிடைக்கும். பதவியினால் மட்டும் செல்வாக்குப் பெற்றவளுக்கு, பதவி போன மறுநாள் ஒன்றுமில்லை. கடைசியில் அதிகாரம் பெற்றவர்களிடமிருந்தே அது முதலில் பறிபோயிற்று என்பதைச் சமூக நீதி பேசும் கட்சிகள் கவனிக்கவில்லை போலும்.

பள்ளிக்கூட விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதியவர்கள் இன்னும் ‘போர்டு ஸ்கூல்’ என்றே பேசுகிறார்கள். ஜில்லா போர்டு நடத்திய காலத்தின் மிச்சம் அந்தச் சொல். இன்றும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி’ என்று பலகை தொங்குகிறது. ஆனால் வாத்தியார் நியமனமும் மாற்றலும் சம்பளமும் சர்க்கார் கையில். யூனியனுக்குப் பலகையிலுள்ள பெயர் மட்டும் மிஞ்சியது.

நமது வேண்டுகோள் சிறியது. பஞ்சாயத்தின் ஆயுள் முடிய ஒரு வருஷத்துக்கு முன்பே எல்லை வகுப்பும் ஒதுக்கீடும் முடிந்தாக வேண்டும் என்றும், முடியாவிட்டால் பழைய எல்லைகளின்படியே தேர்தல் கமிஷன் தேர்தலை நடத்த வேண்டும் என்றும் சட்டசபை ஒரு ஷரத்தை இயற்றட்டும். தேசத் தொண்டர்கள் சட்டசபை ஸ்தானத்துக்கு அலைவதற்கு முன், அக்டோபர் 2-ந் தேதி தத்தம் ஊர்க் கிராம சபைக்குப் போய், இதையே தீர்மானமாக எழுதச் சொல்லட்டும். தலைவர் நாற்காலியில் விசேஷ அதிகாரி உட்கார்ந்திருந்தால், அவர் முகத்துக்கு நேராகவே அதை வாசிக்கட்டும்.