முத்தமா மானக்கேடு?

முத்தம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமது சமூகத்துப் பெரியவர்கள் பலர் காதைப் பொத்திக் கொள்ளுகின்றார்கள். ஜொகூர் பாருவில் எங்கோ ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் முத்தமிட்டுக் கொண்டார்கள் என்று யாரேனும் சொல்லிவிட்டால் போதும். "மேல்நாட்டு நோய் வந்துவிட்டது, தமிழன் மானம் போய்விட்டது" என்று கோயில் மண்டபம் முதல் காப்பிக்கடை வரை கூக்குரல் கிளம்பிவிடுகின்றது. இக்கூக்குரலுக்கு ஏதேனும் ஆதாரம் உண்டா என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவதாக, முத்தம் மேல்நாட்டுச் சரக்கு என்பது வெறும் புரட்டு. மெசொப்பொத்தாமியாவின் களிமண் ஏடுகளில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே முத்தத்தைப் பற்றிய குறிப்பு இருக்கின்றது. வாத்ஸ்யாயனர் தமது காமசூத்திரத்தில் முத்தத்திற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றார். அவர் எந்த வெள்ளைக்காரத் துரையிடம் பாடம் கேட்டார் என்பதைப் பண்பாட்டுக் காவலர்கள் சொல்லட்டும்.

இரண்டாவதாக, இதழோடு இதழ் சேர்ப்பது மனித இனம் முழுவதற்கும் பொதுவான வழக்கமும் அன்று. இதனை டார்வின் 1872-லேயே எடுத்துக் காட்டினார். 2015-இல் மானிடவியல் அறிஞர்கள் 168 சமூகங்களை ஆராய்ந்ததில், காதலர் இதழ் முத்தம் 46 சதவிகிதத்தில் மட்டுமே காணப்பட்டது. மற்றச் சமூகத்தார் அன்பற்றவர்களா? நியூஸிலாந்து மவோரிகள் மூக்கோடு மூக்கு வைத்து விருந்தினரை வரவேற்கின்றார்கள். மலாய் மொழியில் முத்தமிடுவதற்கும் முகர்வதற்கும் 'சியும்' என்ற ஒரே சொல்தான். நம் தாய்மாரோ குழந்தையை உச்சி மோந்து மகிழ்கின்றார்கள். இவ்விஷயத்தில் தமிழரும் மலாய்க்காரரும் அடுத்த வீட்டார் மட்டுமல்ல, உறவினரும் ஆவர். மலாய்ப் பிள்ளை பெற்றோரின் கையை முத்தமிட்டால் மரியாதை. அராபிய நண்பர்கள் கன்னத்தில் முத்தமிட்டால் நேசம். ஆகவே முத்தத்திற்கென்று தனிப் பொருள் ஏதும் இல்லை. மனிதர் கொடுத்த பொருளே உண்டு என்பது விளங்கும்.

அவ்வாறாயின் மானத்தை அளக்கும் கோல் எது? இருவர் மனமொத்துச் செய்கின்றார்களா, அல்லது ஒருவர் மற்றவரைத் தாழ்த்திச் செய்விக்கின்றாரா என்பதே அக்கோல் என்கின்றோம். இக்கோலை அன்றே கையில் எடுத்தவன் பால்மரத் தொழிலாளி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், தம் பெண்களை மேலதிகாரிகள் தொடக் கூடாது என்றும் கேட்டார்கள். வலிந்து வாங்கும் வணக்கமும் வலிந்து தொடும் கையுமே மானக்கேடு என்பதைப் பள்ளிப் படிப்புக்கு வழியற்றிருந்த அவர்கள் அறிந்திருந்தார்கள். படித்த நாமோ, சாமியார் காலிலும் தலைவர் காலிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டே முத்தத்தைப் பழிக்கின்றோம்!

இன்னொன்று கேட்கின்றோம். ஒருவன் தன் மனைவியை வாசலில் இழுத்துப் போட்டு அடித்தால், "அது குடும்ப விவகாரம், நமக்கேன்" என்று கதவைச் சாத்துகின்றோம். அதே வாசலில் அவன் அவளை முத்தமிட்டால் ஊரே கூடி நியாயம் பேசுகின்றது. அடி குடும்ப விவகாரம், அன்பு ஊர் விவகாரமா? 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அடி குடும்ப விவகாரம் அன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நமது பஞ்சாயத்து மனம் மட்டும் இன்னும் அதைக் கேட்கவில்லை.

தெருவெல்லாம் முத்தமிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2003-இல் கோலாலம்பூர்ப் பூங்கா ஒன்றில் அணைத்து முத்தமிட்டதாக இருவர் மீது மாநகராட்சி விதியின்கீழ் வழக்கு வந்து, 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று, அத்தகைய விதி செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. பல மதத்தார் கூடி வாழும் நாட்டில் பொது இடத்திற்கு ஓர் அடக்கம் இருக்கட்டும். ஆனால் அடக்கம் வேறு, மானம் வேறு. அடக்கம் இடத்தைப் பொறுத்தது; இடம் மாறினால் அதுவும் மாறும். மானமோ எங்கும் ஒன்றே. வீட்டுக்குள்ளும் அன்பைக் குற்றமாக்குவது இவ்விரண்டில் எதிலும் சேராது.

விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கணவன், தாய் பார்ப்பாளே என்று மனைவியின் முகத்தையும் நிமிர்ந்து பாராமல் போகின்றான். பத்து வயது கடந்த மகனைத் தகப்பன் அணைப்பதில்லை. அடிப்பதற்கு மட்டுமே தொடுகின்றான். ஒருவனை விரும்பிய மகளின் கன்னத்தில் விழுவது அறை. இதுவா பண்பாடு?

தோழர்களே! பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கக் கண்டு வெட்கப்படாத சமூகத்திற்கு, அதே கன்னத்தில் பதிந்த முத்தத்தைக் கண்டு வெட்கப்பட என்ன யோக்கியதை இருக்கின்றது? ஓங்கிய கையை முதலில் தடுங்கள். அதன் பின்னர் முத்தத்தைப் பற்றிப் பேசலாம்.