ஃபென்சிங்கை அணைத்து வைக்கும் புண்ணியவான்களுக்கு...

ரெண்டு சர்வர், ஒரே ஸ்டோரேஜ், மேலே ஜிஎஃப்எஸ்2. "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. இந்த ஃபென்சிங் மட்டும்தான் இம்சை, அடிக்கடி மெஷினை ரீபூட் பண்ணிடுது, அணைச்சுட்டேன்" என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. இப்படிச் சொல்லும் முதல் ஆள் இவரில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

மக்களே, ஒரே வட்டை ரெண்டு கணினியில் இணைப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனா எக்ஸ்ட்4 மாதிரி சாதாரண ஃபைல் சிஸ்டம், 'இதில் எழுதுறது நான் மட்டும்தான்' என்று நம்பி, எந்த பிளாக் காலி என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்திருக்கும். ரெண்டு மெஷினிலும் மவுண்ட் பண்ணினால் ஒரே காலி பிளாக்கை ஆளுக்கொரு ஃபைலுக்கு எடுத்துக்குவாங்க. ஒரே மனையை ரெண்டு பேருக்குப் பத்திரம் போட்ட கதைதான்.

ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 (ரெண்டுமே 2006-ல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தவை) இதுக்காகத்தான் லாக் மேனேஜரை நம்பி இருக்கு. எழுதுமுன் பூட்டு வாங்கணும். அடுத்தவன் கேட்டால், மெமரியில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுப் பூட்டைக் கொடுக்கணும். 80-களிலேயே டிஜிட்டல் கம்பெனி வாக்ஸ்கிளஸ்டரில் செய்த ஏற்பாடுதான்.

சரி, பூட்டை வச்சிருக்கிறவன் பதிலே சொல்லலைன்னா? செத்துட்டானா, நெட்வொர்க் மட்டும் அறுந்து உயிரோட இருக்கானா? வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான். செத்துட்டான்னு நினைச்சு இவன் அவனோட ஜர்னலை ஓட்டி, பூட்டையும் எடுத்துக்கிட்ட பிறகு, அவன் தூக்கம் கலைஞ்சு பழைய நினைப்பில் எழுதினா? முடிஞ்சுது சோலி. அதனாலதான் முதலில் அவன் மின்சாரத்தைப் பிடுங்கு, இல்லை ஸ்டோரேஜுக்குப் போற வழியை அடை, அப்புறம் ஜர்னலைத் தொடு என்கிறார்கள். இதுக்கு 'ஸ்டோனித்' என்று ஒரு பேர் உண்டு. 'அடுத்த நோடை மண்டையில் சுடு' என்பதன் சுருக்கம். கொடூரமான பேர்தான், ஆனா நேர்மையான பேர்.

"எங்க நெட்வொர்க் அறுந்ததே இல்லை" என்ற வசனத்தை நானும் பேசியவன்தான், ஹிஹி. முன்பு வேலை பார்த்த இடத்தில், எதைக் கேட்டாலும் 'சுட்டாச்சு' என்று பதில் சொல்கிற ஒரு டம்மி ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஸ்விட்ச் படுத்துச்சு. திங்கள் காலை வரை எஃப்எஸ்சிகே ஓட்டியும், மிஞ்சியது பேரில்லாத ஃபைல் துண்டுகள்தான். பேக்கப்போ வியாழக்கிழமையோடது. மேனேஜர் முகத்தை இன்னும் மறக்கலை.

அடிக்கடி ஃபென்ஸ் ஆகுதுன்னா கோளாறு ஃபென்சிங்கில் இல்லை சாமி, கேபிளில், ஸ்விட்சில், டைம்அவுட்டில் தேடுங்க. அதுக்குப் பொறுமை இல்லையா, பேசாம ஒரு மெஷினில் மட்டும் மவுண்ட் பண்ணி, மத்ததுக்கு என்எஃப்எஸ் கொடுத்துடுங்க.

நண்பர் இதைப் படிப்பார். திட்டணும்னா பின்னூட்டத்துக்கு வாங்க தல, ஆனா முதலில் அதை ஆன் பண்ணிட்டு வாங்க.