கட்சிக்குப் படையா, படைக்குக் கட்சியா?

அயர்லாந்தின் குடியரசுவாத அரசியலைப் பற்றிப் பேசுவோர் சின் பெயினையும் ஐ.ஆர்.ஏ. யையும் தாண்டிச் செல்வது அரிது. அவற்றின் நிழலில் அரைநூற்றாண்டுக்கு மேலாக இயங்கிவரும் ஐரிஷ் குடியரசு சோசலிஸக் கட்சி, அளவில் மிகச் சிறியது. ஆயினும் ஓர் அரசியல் இயக்கம் தன் படையை ஆளுமா, படை இயக்கத்தை ஆளுமா என்ற கேள்விக்கு அக்கட்சியின் வரலாற்றைப் போல் வெளிப்படையாகப் பதில் கூறுவது வேறில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

1972இல் யுத்தநிறுத்தம் அறிவித்த அதிகாரபூர்வ ஐ.ஆர்.ஏ. பிரிவின் போக்கை ஏற்காது வெளியேற்றப்பட்ட ஷேமஸ் கொஸ்டெல்லோ, 1974 டிசெம்பர் 8ஆம் திகதி டப்ளினுக்கு அருகே இக்கட்சியைத் தொடக்கினார். தேசிய விடுதலையும் தொழிலாளர் விடுதலையும் ஒன்றேயென்ற, 1916 எழுச்சியில் உயிர்நீத்த ஜேம்ஸ் கொனொலியின் கொள்கையே அதன் அடித்தளம். அதே நாளில் இரகசியமாக ஒரு படையும் பிறந்தது. அதுவே ஐ.என்.எல்.ஏ. எனப்பட்ட ஐரிஷ் தேசிய விடுதலைப் படை.

சில மாதங்களுக்குள்ளேயே பழைய தோழர்களுடன் பெல்பாஸ்ட் வீதிகளில் இரத்தக்களரி மூண்டது. தன்னைக் காக்கவே துப்பாக்கி தேவைப்பட்ட கட்சியில் துப்பாக்கி ஏந்தியோரின் சொல் ஓங்கியதில் வியப்பில்லை. படை கட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்ற யோசனை தோல்வியுற்றபோது, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பெர்னதெத் டெவ்லின் மெக்அலிஸ்கி உட்பட மத்திய குழுவினர் பலர் 1975இல் விலகினர். கட்சிக்கும் படைக்கும் தலைமை தாங்கிய கொஸ்டெல்லோ இருந்தவரை பிளவு மறைந்திருந்தது. 1977 ஒக்டோபரில் டப்ளினில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டபின் இரண்டையும் ஒருங்கே தாங்கவல்லவர் எவரும் இருக்கவில்லை.

பின்னர் உலகறிந்தது படையைத்தான். 1979 மார்ச் 30இல் மார்கிரட் தட்சரின் நெருங்கிய சகாவான ஏரி நீவ், பிரித்தானியப் பாராளுமன்ற வாகனத் தரிப்பிடத்திலிருந்து வெளிவருகையில் குண்டுவெடித்து மாண்டார். 1982 டிசெம்பரில் பலிகெலி நகர மதுச்சாலையொன்றில் வெடித்த குண்டு 17 பேரைப் பலிகொண்டது. அவர்களுள் 11 பேர் படையினர், எஞ்சிய அறுவரும் பொதுமக்கள். இடையில் 1981 உண்ணாவிரதத்தில் உயிர்துறந்த பத்துப்பேரில் பற்ஸி ஓஹாரா, கெவின் லிஞ்ச், மிக்கி டெவின் ஆகிய மூவர் இப்படையினர். அந்த ஆண்டிலேயே பெல்பாஸ்ட் மாநகரசபையில் கட்சிக்கு இரு ஆசனங்கள் கிடைத்தன. பட்டினியால் மாண்டோர்பால் மக்கள் காட்டிய அனுதாபம் வாக்காக மாறிய அந்த வேளையைக் கட்சி கைநழுவவிட்டது.

தோமஸ் 'டா' பவர் என்ற உறுப்பினரின் கதை தனித்து நினைவுகூரத்தக்கது. நீண்டகாலம் விளக்கமறியலில் இருந்த அவர், அரசியலே படைக்கு ஆணையிடவேண்டும், மாறாக அமைந்தமையே சகல சீரழிவுகளுக்கும் காரணம் என வாதிடும் ஆவணமொன்றை எழுதினார். 1987 ஜனவரியில் டிரொஹெடா நகர ஹோட்டலொன்றில் அவரைச் சுட்டவர்கள் பிரித்தானியப் படையினர் அல்லர். அதே இயக்கத்திலிருந்து பிரிந்தவர்களே அவர்கள். அந்த உட்பகையில் சில மாதங்களுக்குள் பன்னிருவர்வரை மடிந்தனர்.

1998இன் பெரிய வெள்ளி உடன்படிக்கையைக் கட்சி இன்றும் ஏற்கவில்லை. ஆயினும் வடக்கில் 71 சதவீதமானோர் அதை ஆதரித்தமையைப் புறந்தள்ள முடியாமல், அவ்வாண்டு ஓகஸ்ட் 22இல் படை யுத்தநிறுத்தம் அறிவித்தது. உடன்படிக்கையை எதிர்த்துக்கொண்டே மக்கள் தீர்ப்புக்குப் பணிந்த அச்செயலில், பலர் காணத்தவறிய ஒரு நேர்மை இருந்தது. தமது தவறுகளால் அப்பாவிகள் மாண்டனர் என்பதையும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது.

ஆயுதப் போராட்டம் முடிந்தது என்ற பிரகடனம் 2009 ஒக்டோபர் 11இல், கொஸ்டெல்லோவின் சொந்த ஊரான பிரேயில் நடந்த அவரது நினைவுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. 2010 பெப்ரவரியில் ஆயுதங்கள் களையப்பட்டன. மெக்அலிஸ்கி போன்றோர் எதற்காக வெளியேறினரோ, அந்த வாதத்தை இயக்கம் ஏற்பதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன.