முதலில் காணியின் பெயரை எழுதுவோம்



'எழுத்துப் பயிற்சிப் பட்டறை', 'கதை சொல்லும் களம்' என்று ஓர் அறிவித்தலைக் கண்டால் உங்களில் பலர் அதைக் கடந்து போய்விடுவீர்கள். அது படித்தவர்களுக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் உரியது என்று எண்ணுவீர்கள். அந்த எண்ணம் பிழையானது. ஆனால் பிழைக்குப் பொறுப்பு உங்களுடையதல்ல; பட்டறை நடத்தும் எங்களைப் போன்றவர்களுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்த பட்டறைக்கு நானும் போயிருந்தேன். சனிக்கிழமை. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை என்று முற்பகலில் பாதி போயிற்று. (ஆசியுரை வழங்கியவன் நான்தான், ஆகவே குறை சொல்ல எனக்கு அதிக உரிமை இல்லை.) பிறகு வளவாளர் எழுந்து கதையின் தொடக்கம், முரண், உச்சம் என்று கரும்பலகையில் எழுதினார். 'இயற்கை' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதும்படி கேட்டார். இன்னொரு வகுப்பறையில் சிறு பிள்ளைகள் கடதாசிப் பூ செய்துகொண்டிருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் ஒரு முதியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, இப்போது வெள்ளவத்தையில் மகளுடன் மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்பவர். "ஏன் ஐயா போறீங்கள்?" என்று கேட்டேன். "எனக்குக் கதை ஒண்டும் தெரியாது பாதர். எனக்குத் தோட்டம்தான் தெரியும்" என்றார்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அரை மணிநேரம் படியிலேயே நின்றுவிட்டோம். ஆறு குடும்பத்துக்கும் பங்கான ஒரு கிணறு. யாருக்கு எந்த நாள் இறைப்பு, யார் விடியற்காலையில் முறை மாறித் தண்ணீர் கட்டினார், அதனால் வந்த சண்டை எந்தக் கல்யாண வீட்டில் தீர்ந்தது, துலா போய் இயந்திரம் வந்தபோது கிணற்றடியில் யார் முகம் சுளித்தார் என்று வரிசையாகச் சொன்னார். தொடக்கமும் முரணும் உச்சமும் அதில் இருந்தன. கரும்பலகை மட்டுந்தான் இருக்கவில்லை.

அந்தப் பட்டறை இவருக்கு ஒரு கொப்பியும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் கொடுத்திருந்தால் போதும். நாங்கள் அவருக்கு 'இயற்கை'யைக் கொடுத்தோம்.

கொழும்பில் இடத்துக்கோ ஆட்களுக்கோ குறைவில்லை. 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடும் மண்டபத்தோடும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா பின்னர் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனைப் பக்கமாக ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தினார். 2021இல் மறைந்த அவர் சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சலூனுக்கு வந்தவர்களின் பேச்சும் கையில் கிடைத்த புத்தகங்களுமே அவருக்குக் கல்லூரி. எழுத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடலுக்கு அப்பாலும் ஓர் உதாரணம் உண்டு. 1963இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் அங்கிக்கோஸ் என்ற ஊரில் பவுலோ ஃபிரேயிரே என்ற கல்வியாளரின் குழு, ஏறத்தாழ 300 பேருக்குச் சுமார் 40 மணிநேரத்தில் எழுத வாசிக்கக் கற்பிக்க முனைந்தது. அவர்கள் அரிச்சுவடியில் தொடங்கவில்லை. அந்த மக்கள் நாளாந்தம் வாயில் வைத்திருந்த வேலைச் சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசி, பிறகுதான் எழுத்துக்கு வந்தார்கள். எழுத்தறிவு இல்லாதவருக்கு அன்று அந்நாட்டில் வாக்குரிமை இல்லை. அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரேயிரே சிறையிடப்பட்டு, பின் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. கமக்காரன் தன் சொல்லை எழுதுவது சிலருக்கு அவ்வளவு அச்சந்தரும் காரியம்.

நம்முடைய சொற்கள் எவை? பட்டி அடைத்தல், சூடு மிதித்தல், பொலி, வரம்பு, தறை, பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன். வெள்ளவத்தையில் பிறந்த பேத்திக்கு இவற்றில் எத்தனை தெரியும்? அவளைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் வரம்பு ஏது?

இவற்றைவிட முக்கியமானது காணியின் பெயர். யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்கும் தோட்டத் துண்டுக்கும் பெயர் உண்டு. ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளிலும் நொத்தாரிசு எழுதும் உறுதிகளிலும் காணி அந்தப் பெயரோடுதான் வரும்; நான்கு எல்லைக்கும் அயலவரின் பெயர் வரும். ஒவ்வோர் உறுதியும் ஓர் ஊரின் சிறு வரலாறு. உறுதி எரிந்தும் தொலைந்தும் போன குடும்பங்கள் எத்தனை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறர் காணியைப் பத்து ஆண்டு இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் வெளியேறியவர்கள் இதனால் காணி இழக்கக்கூடாது என்று, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கும் காலவரம்பு இருந்தது. அப்படி ஒரு வாசல் திறக்கும்போது, எந்த ஆண்டு போனோம், அன்று அங்கே என்ன பயிர் நின்றது, எல்லையில் யார் இருந்தார் என்று கையில் எழுதி வைத்திருப்பவர் ஓடிப்போய் நிற்கலாம். எழுதிய கொப்பி உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் எங்கே தேடவேண்டும், யாரைச் சாட்சிக்கு அழைக்கவேண்டும் என்பதை அது காட்டும்.

ஆகவே கல்லூரி அதிபர்களையும் பங்குத் தந்தையர்களையும் கேட்பது இதுதான். மண்டபத்தைத் திறந்து வையுங்கள். ஆனால் முதியவரையும் பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்துங்கள். முதியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். சித்திர வகுப்பில் கிணறும் வாய்க்காலும் ஒழுங்கையும் வரையட்டும். கடதாசிப் பூ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடகம் இழைக்கத் தெரிந்த அம்மா ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் துயரத்தைச் சொல்லும்படி உங்களை யாரும் வற்புறுத்த விடாதீர்கள். அறிக்கைக்காகக் கண்ணீர் சேகரிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அதைச் செய்தேன். கொப்பி உங்களுடையது. யாருக்குக் காட்டுவது, எந்தப் பக்கத்தை மூடி வைப்பது என்பது உங்கள் தீர்மானம். உறுதி இலக்கத்தையோ எல்லை விபரத்தையோ முன்பின் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

படியில் கண்ட அந்த ஐயா அடுத்த மாதம் மறுபடி வந்தார். இம்முறை பேத்தியின் கையில் நூற்றறுபது பக்கக் கொப்பி இருந்தது. முதற் பக்கத்தில் காணியின் பெயர். இரண்டாம் பக்கத்தில் படம். கிணற்றைச் சுற்றி ஆறு தோட்டங்கள். புளியமரம் கிழக்கெல்லையில் நின்றதா தெற்கிலா என்பதில் அவருக்கே ஐயம் வந்துவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார்களாம். "அது புளி இல்லை, இலுப்பை" என்றாராம் தம்பி. பேத்தி அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அயல் வீட்டுக்காரர் ஒருவர் வவுனியாவில் இருக்கிறார்; அவரைக் கேட்டபின் மையால் எழுதுவதாகச் சொன்னாள்.