சாந்தியின் பதக்கத்தைத் திருப்பிக் கொடு

வாய்க்காலின் ஒரு பக்கம் வெள்ளையர் ஊர், மறுபக்கம் கறுப்பர் ஊர் என்று பிரித்து வைத்த நகரம் நம் புதுச்சேரி. சேரி இரண்டுக்கும் வெளியே கிடந்தது. கோடு போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை. அதே கேள்வியை ஓட்டக்களத்தை நோக்கியும் நாம் கேட்க வேண்டும்.

சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த தலித் பெண். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 வினாடியில் முடித்து மீண்டும் வெள்ளி. சில நாட்களில் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடல் பற்றிய செய்தியை ஊடகங்கள் ஊருக்கே கூவி விற்றன. ஊக்கமருந்து எடுத்தாரா? இல்லை. ஏமாற்றினாரா? இல்லை. பிறந்த உடலோடு ஓடினார். அவ்வளவுதான்.

அன்றைய தமிழ்நாடு முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசளித்தார். அது வரவேற்க வேண்டிய செயல். ஆனால் இந்தியத் தடகள அதிகார மையங்கள் என்ன செய்தன? மேல்முறையீட்டுக்கு அவரோடு நின்றனவா? கைகழுவின. அடுத்த ஆண்டே அவர் உயிரை விடத் துணியும் அளவுக்குத் தள்ளப்பட்டார். 2012இல் அவர் சூளையில் 200 ரூபாய் தினக்கூலிக்கு வேலை செய்வதாகச் செய்தி வந்தது. பெற்றோர் நின்ற அதே இடம்!

இப்போது மற்ற இருவரைப் பாருங்கள். 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா மீது இதே சந்தேகம் எழுந்தபோது அவர் நாடே திரண்டு நின்றது. தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் தடைசெய்யப்பட்டபோது இந்திய அரசே அவர் வழக்குக்குத் துணை நின்றது. 2015இல் விளையாட்டுத் தீர்ப்பாயம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. சாந்திக்கு மட்டும் யாரும் வழக்கறிஞர் வைக்கவில்லை. சூளையில் பிறந்த பெண்ணுக்கு மேல்முறையீடு என்றொரு கதவு இருப்பதை யார் போய்ச் சொல்வது? சாதி எப்போதும் வசைச்சொல்லாகத்தான் வரும் என்றில்லை தோழர்களே. யாரும் உதவிக்கு வராத அந்த மௌனமும் சாதிதான்.

'பெண்கள் பிரிவில் நியாயமான போட்டி வேண்டாமா?' என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். எந்த உடலுக்கு எந்த விதி என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் சோதனை எதற்கென்று விளக்குவது, முடிவை ரகசியமாகக் காப்பது, எதிர்வாதத்துக்கு வாய்ப்புத் தருவது ஆகியவை விவாதத்துக்கு அப்பாற்பட்ட குறைந்தபட்ச நீதி. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றே தீர்ப்பளித்தது. சாந்திக்கு நடந்ததை விசாரணை என்றே சொல்ல முடியாது.

சாந்தி விழுந்து கிடக்கவில்லை. பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். ஏழைப் பிள்ளைகளை ஓட வைக்கிறார். அவருக்கு நம் பரிதாபம் தேவையில்லை. பதக்கம்தான் தேவை.

உப்பளம் மைதானத்தில் காலையில் ஓடும் நம் காலனிப் பெண்பிள்ளைகளுக்காகவும் இதைக் கேட்கிறோம். நாளை அவர்களில் ஒருத்தி நாட்டுக்காக ஓடும்போது, சோதனைக்கு முன் அவள் அருகில் ஒரு வழக்கறிஞரும் அவள் மொழி பேசும் மருத்துவரும் இருப்பார்களா? இந்தக் கேள்வியை உங்கள் கல்லூரி விளையாட்டுத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விளையாட்டு அமைச்சகத்துக்கு மனுப் போடுங்கள். சாந்தி தனியாக நின்றது போதும்.